நாற்பது நிமிடமும் ஆறு விடைத்தாளும்

அன்பின் ஐயா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் அதிபராக இருக்கிறேன். தரம் 11 வரை, ஆசிரியர்கள் 22 பேர். மாதம் ஒருமுறை பாடசாலை விட்டபின் கூட்டம் வைக்கிறேன். நான் மட்டுமே பேசுகிறேன், மற்றவர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒரு மேசை, நாவலப்பிட்டியிலிருந்து வருபவர்கள் ஒரு மேசை. வகுப்பைப் பார்க்கப் போனால் முகம் மாறுகிறது. இவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி? மறுப்பவரை என்ன செய்வது?

ஒரு அதிபர்

அன்புள்ள அதிபர் அவர்களுக்கு,

கூட்டத்தை முதலில் விட்டுவிடுங்கள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத பாதையில், 1.30-க்குப் பிறகு ஒருவரை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னால் யார் பேசுவார்கள்? நேரத்தை நேரசூசிக்குள்ளேயே எடுக்க வேண்டும். நாளுக்கு எட்டுப் பாடவேளை என்றால் கிழமைக்கு 40. ஒருவருக்கு 30 என்றால் 10 மிஞ்சும். அந்தப் பத்தில் ஒன்று நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் விழுந்தால் போதும். நேரசூசி போட்டு முடித்தபின் தேடினால் கிடைக்காது. வெற்றுத் தாளில் முதல் அடைக்கும் கட்டம் அதுவாக இருக்கட்டும்.

யார் அந்த நான்கு பேர்? உங்கள் அளவுப் பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஒருவரோ இருவரோதான், பாடக்குழு அமைக்க ஆள் காணாது. ஆகவே தரத்தை வைத்துச் சேருங்கள்: தரம் 6-க்குத் தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு படிப்பிக்கும் நால்வர். வசனக் கணக்கில் தடுமாறும் பிள்ளையும் வரலாற்றுக் கேள்வி விளங்காத பிள்ளையும் பல வேளை ஒரே பிள்ளைதான். நால்வரும் ஒரு மேசைக்கு வந்தால்தான் அது தெரியவரும். ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியர் வகுப்பை விட்டு நகர முடியாது. நான்கு வகுப்பை மைதானத்தில் இருவர் பார்த்துக்கொண்டால் மற்ற இருவர் சேரலாம்; மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் ரிலீப் பட்டியலில்தான், அதாவது வராத ஆசிரியரின் வகுப்புக்கு வேறொருவரைப் போடும் பட்டியலில்தான், சாகிறது. காலையில் மூன்று பேர் லீவு என்றால், பட்டியல் போடுபவரின் பேனா அந்த நால்வரின் ஓய்வுப் பாடவேளைக்குத்தான் போகும். இரண்டு கிழமை அப்படிப் போனால் மூன்றாவது கிழமை யாரும் வரமாட்டார்கள். ஆள் இல்லாத நாளில் வகுப்புக்கு நீங்களே போங்கள்.

சரி, அந்த ஒரு பாடவேளையின் 40 நிமிடத்தில் என்ன செய்வது? “அனுபவங்களைப் பகிருங்கள்” என்றால் ஆளுக்கொரு பாராட்டோடு முடிந்துவிடும். முறை வைத்து ஒருவர் ஒரே கேள்விக்கான ஆறு விடைத்தாளைக் கொண்டுவரட்டும்: நல்லது இரண்டு, நடுத்தரம் இரண்டு, பலவீனமானது இரண்டு, பெயரை மூடி. பத்து நிமிடம் பேசாமல் வாசிப்பது. பதினைந்து நிமிடம் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது என்று பார்ப்பது. பத்து நிமிடம் அடுத்த கிழமை என்ன செய்வது என்று முடிவெடுப்பது. மிச்சம் ஐந்தில் அதைக் கொப்பியில் நாலு வரி எழுதுவது. கொப்பி பாடசாலை அலுமாரியில் இருக்க வேண்டும். இடமாற்றத்தில் போகிறவர் கையோடு கொண்டுபோய்விடக் கூடாது.

1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது என்று வையுங்கள். தனியே திருத்தினால் ஒரு சிவப்புக் கோடு. நால்வர் பார்த்தால், தொகுதியை (மேல் எண்ணை) தொகுதியோடும் பகுதியை (கீழ் எண்ணை) பகுதியோடும் கூட்டியிருப்பது தெரியும். அரையோடு இன்னொன்றைக் கூட்டியும் விடை அரையைவிடக் குறைந்ததை அது கவனிக்கவே இல்லை. அதற்குப் பின்னம் என்பது ஓர் அளவல்ல, மேலும் கீழுமாக இரண்டு எண். அப்போது கடதாசி மடித்துக் காட்டுவதா, எண்கோடு போடுவதா என்று பேச்சு வரும். “தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான்” என்ற ஒரு வசனம் விழுந்தால் மிச்ச நேரம் வீண். அதை உடனே நிறுத்துங்கள்.

முகம் மாறுவதில் வியப்பில்லை. பார்க்க வருபவரே மதிப்பீட்டுப் படிவத்தையும் நிரப்புகிறாரே! ஜப்பானில் மெய்ஜி காலத்திலேயே (1868–1912) வேர்விட்ட பாட ஆய்வு முறையில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரிப்பார்கள். ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பார்கள். பாடம் எல்லோருடையது என்பதால் பிழையும் ஒருவர் தலையில் விழாது. முதல் பாடத்தை நீங்கள் எடுங்கள், அவர்கள் பார்க்கட்டும். பாடசாலையின் லொக் புத்தகத்தில் (அலுவலகக் குறிப்பேட்டில்) இதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். தவணைக்கு ஒன்று தாராளம்.

இரண்டு மேசைகளையும் பேச்சால் ஒட்ட முடியாது, வேலையால் முடியும். தரம் 6-இல் 40 பிள்ளைகள் என்றால், தரம் 4 புத்தகத்தில் ஒரு பந்தியை ஆளுக்கு 3 நிமிடம் வாசிக்கவிட்டுக் கேளுங்கள். ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகள், 30 நிமிடம், ஒரே பாடவேளை. நால்வரில் இருவராவது ஊர்க்காரராக இருக்கட்டும். வாசிக்கத் திணறும் பிள்ளையின் தாய் வெளிநாட்டில், பிள்ளை பாட்டியோடு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மறுப்பவரை விட்டுவிடுங்கள். முதல் வருடம் நான்கு பேர் போதும். வருகைக்குக் கையெழுத்துப் புத்தகம் வைத்தால் கையெழுத்து வரும், ஆள் வராது. இரண்டாம் தவணையில் அந்த நால்வரில் ஒருவர் மறுத்தவரிடம் ஆறு விடைத்தாள் கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம்.