நாற்பது வருடம் கஞ்சா புகைத்தவருக்கு வயதான காலத்தில் மறதி வந்தால், கஞ்சாதான் காரணமா?

கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: அப்பாவுக்கு 69 வயது, இருபதுகளில் பிடித்த கஞ்சாவை இன்னும் விடவில்லை, ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. கஞ்சாதான் காரணமா, இப்போது நிறுத்தினால் நினைவு திரும்புமா என்று கேட்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. மருத்துவ வார்டுகளில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் இதை வார்டு அனுபவத்தில் எழுதவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் விட்ட பிழையை வைத்து எழுதுகிறேன்.

என் பெரியப்பா திருகோணமலை, திருக்கடலூர்க்காரர். பதினாறு வயதில் கடலுக்குப் போனவர். இரவில் வலை போட்டுவிட்டு விடியும்வரை காத்துக் கிடக்கும்போது குளிருக்கும் நித்திரைக்கும் என்று, இருபதுகள் முடியும் வயதில், கஞ்சா தொடங்கியது. பிறகு யுத்த காலம். கடலுக்குப் போக பாஸ், போன நேரம் திரும்பிய நேரம் எல்லாவற்றுக்கும் கணக்கு, பல நாட்கள் தொழிலே இல்லை. கடலில் புகைத்ததைவிடக் கரையில் சும்மா இருந்து புகைத்ததுதான் கூட. எப்படியும் ஒரு நாளைக்கு ஒரு கடதாசிச் சரை, அதாவது ஒரு சின்னப் பொட்டலம். நாற்பத்தைந்து வருடம் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குடிக்க மாட்டார். சண்டைக்குப் போக மாட்டார். அதனால் வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்டதும் இல்லை.

72 வயதில் மறதி தொடங்கியது. பெரிய கடைக்குப் போனவர் மீன் வாங்கினாரா இல்லையா என்று தெரியாமல் வெறுங்கையோடு வந்து நின்றார். கிண்ணியாவுக்கு ஒரு கலியாணத்துக்குக் கூட்டிப் போனபோது, பாலத்தில் வான் ஏறியதும், “பாதையை எப்ப எடுத்தவங்கள்?” என்று கேட்டார். பாதை என்றால் முன்பு ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போன மிதவை. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது. அதற்குப் பிறகு அவரே நூறு தரம் அந்தப் பாலத்தால் போய் வந்திருப்பார். வானில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தம்பி, “கஞ்சா மூளையைத் திண்டு போட்டுது” என்றான். பெரியம்மாவும் அதையே சொன்னா. வெட்கமாகச் சொல்கிறேன், நானும் அதையே நினைத்தேன். கேஸ் முடிந்தது. யாரும் அவரை ஒரு கிளினிக்குக்கும் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போனால் கஞ்சா என்று சொல்ல வேண்டும், பொலிஸ் பிரச்சினை வரும் என்ற பயம் வேறு. இப்படியே பதினொரு மாதம் போனது.

அந்த மாதங்களில் நான் கண்ட ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். காற்பெருவிரலில் வலையைக் கொழுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது, முடிச்சு விழுகிறது, அடுத்த கண். ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவு. கையைப் பார்க்கவே இல்லை. ஆனால் நூலை அறுக்க நேரம் வந்ததும், “கத்தரிக்கோலைக் கண்டியா பிள்ளை?” என்றார். அது அவருடைய தொடைக்குக் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே கேள்வி, அதே தொனி, முதல் தரம் கேட்பது போல.

கைப்பழக்கம் மூளையில் ஓரிடத்தில் இருக்கிறது, “இப்போது எங்கே வைத்தேன்” என்பது வேறோரிடம். புதிதாக நடந்ததைப் பதியும் வேலையைச் செய்வது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி போய் ஒட்டும் சிபி1 ஏற்பிகள் அந்தப் பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. அதனால்தான் புகைத்த கையோடு ஒருவரிடம் பத்துச் சொல் சொன்னால் வழக்கத்தைவிடக் குறைவாகவே தங்கும். பழையது அழிவதில்லை, புதியது ஏறுவதில்லை. அல்சைமர் நோயும் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இதே இடத்தில்தான். ஆகவே வெளியில் நின்று பார்க்கும் எங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். தம்பிக்கும் எனக்கும் தெரிந்ததும் அப்படித்தான்.

சரி, நீண்டகாலப் பாவனை பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒத்த குரலில் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73 இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். 2022 இல் வந்த அறிக்கையின்படி, நீண்டகாலம் கஞ்சா பாவித்தவர்களின் ஐ.கியூ (புத்திக்கூர்மையின் அளவு) சிறுவயதிலிருந்து 45 வயதுக்குள் சராசரியாக 5.5 புள்ளி இறங்கியிருந்தது. ஹிப்போகாம்பஸும் சிறிதாக இருந்தது. அவர்களை நன்றாகத் தெரிந்தவர்களிடம் தனியாகக் கேட்டபோது, மறதியும் கவனக்குறைவும் இருப்பதாக அவர்களும் சொன்னார்கள். அமெரிக்காவில் 3,385 பேரைப் பார்த்த இன்னோர் ஆய்வு 2016 இல் வந்தது. பாவித்த ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும், 15 சொற்கள் கொண்ட பட்டியலில் இரண்டு பேரில் ஒருவர் ஒரு சொல்லைக் குறைவாக நினைவுபடுத்தினார் என்ற அளவில் வித்தியாசம் இருந்தது. இல்லையென்று தள்ளவும் முடியாது, வீட்டுக்கு வழி தெரியாமல் போகும் அளவும் அல்ல.

மறுபக்கம் டென்மார்க். அங்கே 5,162 ஆண்களின் ஐ.கியூவை இராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வயதில் சோதித்து, 44 வருடம் அளவில் கழித்துத் திரும்பவும் சோதித்தார்கள். 2024 இல் வெளிவந்தது. கஞ்சா பாவித்தவர்களின் இறக்கம் மற்றவர்களைவிட 1.3 புள்ளி குறைவு! இதைக் காட்டி “கஞ்சா மூளைக்கு நல்லது” என்று துள்ளுபவர்களை இணையத்தில் நிறையக் காணலாம். 1.3 புள்ளி என்பது அன்றாட வாழ்க்கையில் ஒருவருக்கும் தெரியாத அளவு. அதோடு பாவித்தவர்களும் பாவிக்காதவர்களும் படிப்பிலும் ஆரம்பப் புள்ளியிலும் ஒரே மாதிரி ஆட்களும் இல்லை. 2017 இல் ஜெர்மனியின் பொன் (Bonn) நகர ஆய்வாளர்கள் கிழட்டு எலிகளுக்குச் சிறிய அளவு டி.எச்.சி கொடுத்து நினைவாற்றல் கூடியதாகக் கண்டார்கள். அது எலி. திருக்கடலூர்ச் சரையும் அளந்து கொடுத்த மருந்தும் ஒன்றல்ல.

எனக்கு இவற்றைவிடக் கனமாகப்பட்டது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தரவு. 2025 இல் வந்தது. 45 வயதுக்கு மேற்பட்ட ஆறு மில்லியனுக்கு மேற்பட்டவர்களின் பதிவுகள். கஞ்சா காரணமாக அவசர சிகிச்சைக்கோ வார்டுக்கோ வர நேர்ந்தவர்களுக்கு, அடுத்த ஐந்து வருடத்தில் டிமென்ஷியா (நினைவும் யோசனையும் படிப்படியாகக் குறையும் நோய்) என்று கண்டறியப்படும் ஆபத்து பொதுமக்களைவிட 1.72 மடங்கு. வயது மட்டுமல்லாமல் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அவ்வளவு. மதுவால் அப்படி வந்தவர்களின் ஆபத்து இவர்களைவிடவும் கூட என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. (எங்கள் ஊரில் சாராயம் குடிப்பவர் கஞ்சாக்காரரைப் பார்த்துப் புத்தி சொல்வார். அதற்காக இதை எழுதினேன்.) கஞ்சாதான் டிமென்ஷியாவை உண்டாக்கியது என்று இது நிரூபிக்கவில்லை. மறதி தொடங்கிய மனக்குழப்பத்திலேயே சிலர் கூடப் புகைத்திருக்கலாம்.

அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு? இங்கேதான் பெரியப்பா கதை தேவைப்படுகிறது.

கடைசியில் அவரை நாங்கள் கூட்டிப் போனது மறதிக்காக அல்ல, கால் மரத்துப்போய்ச் செருப்புக் கழன்றதும் தெரியாமல் நடந்ததற்காக. அன்று கிளினிக்கில் இருந்தவர் என் மகள் வயது வைத்தியர். நான் வழக்கம்போலப் பெரிய மனுசியாக, “டொக்டர், ஆள் நாற்பத்தைந்து வருசமா கஞ்சா” என்று தொடங்கினேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்: “மிஸ், கஞ்சா அளவு இப்ப கூடியிருக்கா?” இல்லை என்றேன். “அப்ப அதே கஞ்சாவுக்கு இந்த ஒரு வருசத்தில மட்டும் ஏன் மறதி கூடினது?”

முப்பது வருடம் வார்டில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

பிறகு அவர் எங்கள் பையைக் கொட்டச் சொன்னார். வீட்டிலிருந்த எல்லாக் குளிசையும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின், பத்து வருடத்துக்கு மேல். அதை நீண்டகாலம் குடிப்பவர்கள் சிலருக்குப் பி12 விற்றமின் உடலில் சேர்வது குறையும். பி12 குறைந்தால் கால் மரக்கும், நினைவும் தளரும். அடுத்தது இருமலுக்கும் தோல் அரிப்புக்கும் என்று பெட்டிக்கடையில்கூட வாங்கும் அந்தச் சின்ன மஞ்சள் குளிசை, குளோர்பெனிரமின். பெரியம்மா ஒவ்வொரு இரவும் ஒன்று கொடுத்து வந்திருக்கிறா, “நல்லா நித்திரை கொள்ளுவார்” என்று. வயதானவர்களுக்குத் தலையை மந்தமாக்கி, குழப்பத்தையும் மறதியையும் கூட்டும் மருந்துகளில் அதுவும் ஒன்று. காதுக்குள் பார்த்தால் இரண்டிலும் ஊத்தை கட்டியாக அடைத்திருந்தது. எஞ்சின் சத்தத்தில் வாழ்ந்த காது ஏற்கெனவே மந்தம், அதற்கு மேல் இது. நாங்கள் சொன்னதில் பாதியை அவர் மறக்கவில்லை, கேட்கவே இல்லை.

நினைவுச் சோதனையும் செய்தார்கள். மூன்று சொல், பின்னோக்கி எண்ணுதல், கடிகாரம் வரைதல். மூன்றாம் வகுப்போடு நின்ற மனிதர் பென்சிலைப் பிடித்ததே அரிது. புள்ளி குறைவாகத்தான் வந்தது. வைத்தியர் பேப்பரை ஒதுக்கி வைத்துவிட்டு, “ஐயா, வள்ளத்தைக் கடலில இறக்கிறதிலயிருந்து வலை போடுறவரைக்கும் ஒழுங்கா சொல்லுங்க” என்றார். ஒன்றும் விடாமல், காற்றின் பெயரோடு சொன்னார். பிறகு “இன்றைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?” அதற்குப் பதில் இல்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார்.

இரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு. தைரொயிட் சரி. சி.டி. ஸ்கேனில் இரத்தக் கட்டியோ வேறு கட்டியோ இல்லை, வயதுக்குரிய சுருக்கம் கொஞ்சம். பி12 ஊசி தொடங்கியது, மஞ்சள் குளிசை நின்றது, காது சுத்தமானது. கஞ்சாவையும் நிறுத்தச் சொன்னார், நேரடியாக, மிரட்டாமல். புகையிலையோடு கலந்துதான் சுருட்டுவார், அந்தப் புகை இரத்தக் குழாய்க்குச் செய்வதும் மூளைக்குத்தான் போய்ச் சேரும் என்றும் சொன்னார். பொலிஸ் பற்றி நாங்கள் பயந்த பேச்சே எழவில்லை. கஞ்சா வைத்திருப்பது இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் நோயாளி தன் பழக்கத்தை வைத்தியரிடம் சொல்வது வைத்தியத்துக்குத் தேவையான தகவல், கொப்பியில் எழுதப்படும் நோய் வரலாறு. மறைத்தால்தான் ஆபத்து, முக்கியமாக வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து குடிப்பவர்களுக்கு. கஞ்சா அதன் அளவைக் குழப்பிவிடலாம்.

நிறுத்திய முதல் வாரம் நரகம். நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை, பெரியம்மாவுக்கு அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தரம் ஏசினார். இரண்டாவது வாரத்தில் தணிந்தது. நித்திரை மட்டும் சரிவர இன்னும் ஒரு மாதம் எடுத்தது. வீட்டில் நிறுத்துவதானால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாலாம் நாள் நீங்களே போய்ச் சரை வாங்கிக் கொடுப்பீர்கள். மூன்று வாரத்தில் அவர் திருட்டுத்தனமாக ஒன்று புகைத்தார். பிறகும் இரண்டொரு தரம். நான் கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன்.

நினைவு திரும்பியதா என்ற உங்கள் கேள்விக்கு: பாதி. ஆறு மாதத்தில் கடைக்குப் போய்ச் சொன்ன சாமானோடு வந்தார். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்பது ஐந்து தரத்திலிருந்து இரண்டுக்கு வந்தது. அந்தப் பாதியில் ஊசிக்கு எவ்வளவு, காதுக்கு எவ்வளவு, கஞ்சாவை விட்டதற்கு எவ்வளவு என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றாக நடந்தது. மற்றப் பாதி திரும்பவில்லை. நாங்கள் தொலைத்த பதினொரு மாதம் அதில் எவ்வளவு என்று சில இரவுகளில் நான் யோசிப்பதுண்டு.

ஆகவே அப்பாவைக் கூட்டிப் போங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், ஆயுர்வேத லேகியம் உட்பட, ஒரு பையில் போடுங்கள். மறதி எந்த மாதம் தொடங்கியது, கூடுகிறதா அப்படியே நிற்கிறதா, விழுந்தாரா, தலையில் அடிபட்டதா என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். வயதானவர்களுக்குச் சின்ன அடியிலும் மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் கழித்து மறதியாக வெளிவரலாம். கஞ்சாக்காரர் தடுமாறினால் “ஏத்தம்”, போதை என்று சொல்லி அதை எளிதில் தவறவிடுவோம். குழப்பம் நாட்கணக்கில் திடீரென்று வந்திருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கஞ்சாவைப் பற்றி முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், ஆனால் என்னைப் போல அதைத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது 74. கத்தரிக்கோலை நைலோன் நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வலை பொத்துகிறார். அது அவருடைய சொந்த யோசனை.