சுபேதார் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் பேனின் பெயரில் சங்கம் வைத்திருக்கிறார்களாமே, நிஜமா?
— காட்பாடி வாசகர்

நிஜம்தான். தலைப்பேன் இல்லை, சீலைப்பேன். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களின் சட்டைத் தையலில் குடியிருந்து ரத்தம் குடித்தது. சட்டையைக் கழற்றித் தையல் மேல் மெழுகுவத்திச் சுடரை ஓட்டுவார்கள். பேனும் முட்டையும் பட் பட்டென்று வெடிக்கும். கொஞ்சம் அசந்தால் சட்டையும் பொசுங்கும். அந்தப் பேனைச் சிப்பாய்கள் ‘கூட்டி’ என்பார்கள். ஊர் திரும்பியவர்கள் 1920-ல் தொடங்கியதுதான் ‘மிலிட்டரி ஆர்டர் ஆஃப் த கூட்டி’. கிளைக்கு ‘பப் டென்ட்’ என்று பெயர்; சிப்பாய் முடங்கிப் படுக்கும் குட்டிக் கூடாரம். கிளைத் தலைவர் ‘சீம் ஸ்குவிரல்’, தையலில் ஓடும் அணில்! நம் ஊர்ச் சங்கங்களிலும் தலைவர் பதவிக்கு இப்படிப் பெயர் வைத்தால் பாதிச் சண்டை ஓயும்.

கோமாளித்தனம் வெளியே தெரிவது மட்டும். சிவப்பும் வெள்ளையுமாக உடுத்திக்கொண்டு முன்னாள் வீரர்களின் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், கட்டிலில் கிடப்பவர்களைச் சிரிக்க வைப்பதுதான் இவர்களின் முக்கிய வேலை. நானும் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தவர்கள் யாரென்று மறந்துவிட்டது. பழைய ஹவில்தார் மாதிரி நடித்துக் காட்டியவன் மறக்கவில்லை.

கேள்வி: சிரிக்க வைப்பது சரி, குடும்பங்களுக்கு என்ன செய்கிறார்கள்?
— ஆரணி வாசகி

நல்ல கேள்வி, அம்மா. கூட்டிகளின் தாய்ச் சங்கம் ‘வெட்டரன்ஸ் ஆஃப் ஃபாரின் வார்ஸ்’, அதாவது வெளிநாட்டுப் போர்களுக்குப் போய்வந்த வீரர்களின் சங்கம்; 1899-ல் வேர்விட்டது. மிஷிகன் மாநிலத்து கோரி ஸ்பென்சர் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் 472 ஏக்கரைக் கொடுக்க, ஈட்டன் ராப்பிட்ஸ் என்ற ஊரில் 1925-ல் இச்சங்கம் ஒரு குடியிருப்பு தொடங்கியது. போரில் தகப்பனை இழந்த குடும்பங்களுக்காக. விடுதி மாதிரி ஹாலில் கட்டில்களை வரிசையாகப் போட்டுவிடாமல், குடும்பம் சிதறாமல் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இப்போது பணியில் இருக்கும் வீரர்களின் குடும்பங்களும் அங்கே தனித்தனி வீடுகளில் இருக்கின்றன. கூட்டிகளும் இதற்குக் கைகொடுக்கிறார்கள்.

இதன் அருமை எனக்கு என் மனைவி சொல்லித் தெரியும். நான் எல்லையில் இருந்தபோது அவளும் பிள்ளைகளும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் இருந்தார்கள்; சிப்பாய் எல்லைக்குப் போனால் குடும்பம் தங்க ராணுவம் கொடுக்கும் வீடு. அதே வரிசையில் ஒரு வீட்டுக்குச் சாவுத் தந்தி வந்தது. அழுது ஓய்ந்ததும் அந்தப் பெண் கேட்டாளாம்: “அக்கா, குவார்ட்டர்ஸை எப்போ காலி பண்ணணும்?” பென்ஷன், மெடல் எல்லாம் அப்புறம்தான்.

பணத்துக்கு ‘படி பாப்பி’ என்ற சிவப்புப் பூ. உடல் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் செய்வது. 1922-லிருந்து நாடு முழுக்கக் கொடுத்து நன்கொடை வாங்குகிறார்கள். ஒரு பங்கு இந்தக் குடியிருப்புக்கும் போகிறது. டிசம்பர் 7 கொடி நாளில் நம் சட்டையில் குத்துகிறார்களே, கிட்டத்தட்ட அதுபோல.

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் என் தங்கை மகன் கூட்டி ஆகலாமா?
— ஆம்பூர் வாசகர்

முதலில் தாய்ச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். அதற்கு அமெரிக்கக் குடியுரிமையோடு, வெளிநாட்டுப் போர்க்களத்தில் பணியாற்றிய சான்றும் கேட்பார்கள். கொரியாவில் தொடர்ச்சியாக 30 நாள் பணியாற்றியிருந்தாலும் போதும். உள்நாட்டுக் கேம்பில் மட்டும் இருந்திருந்தால் சேர்க்க மாட்டார்கள். எங்கே போஸ்டிங் என்று கேட்டு எழுதுங்கள்.