நீல மூடி மட்டும் ஏன் கோணுகிறது?

கேள்வி: ஐயா, அம்பத்தூரில் சின்னதாக ஒரு மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். பாலிபுரொப்பிலீன் டப்பாவும் மூடியும் அடிக்கிறோம். ஒரே மோல்டு, ஒரே மெஷின், ஒரே கிரேடு. வெள்ளை மூடி கச்சிதமாக உட்காருகிறது. நீல மாஸ்டர்பேட்ச் (நிறமி செறிந்த மணிகள்) போட்டால் மட்டும் மூடி கோணிக்கொள்கிறது, அளவும் மாறுகிறது. ஆபரேட்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன். காரணம் என்ன?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: பழைய ஆபரேட்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவர்மேல் தப்பிருப்பதாகத் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் அந்த நீலத்தின் மேல்தான்.

பாலிபுரொப்பிலீன் படிகம் உருகுவது 165 டிகிரி வாக்கில். ஆனால் உருகிய பிளாஸ்டிக்கை ஆற்றும்போது 165 வந்ததும் அது படிகமாகிவிடாது. ஆய்வகத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஆற்றினால் 110, 115 வரை இறங்கிய பிறகுதான் வேலை மும்முரமாக நடக்கும். சிக்குப் பிடித்த நூல் போலக் கிடக்கும் நீளமான மூலக்கூறுகள் மடிந்து மடிந்து அடுக்காக வேண்டும். அதற்கு எங்காவது ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அந்தப் புள்ளிதான் கரு.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு துணுக்கை இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே உருக்கி, 135 டிகிரிக்கு இறக்கி, அங்கேயே நிறுத்தி, குறுக்கே வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடுகள்) இடையே நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் ஒரே இருட்டு. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சப் பொட்டு. ஒவ்வொன்றும் வட்டமாக விரியும், உள்ளே கறுப்பாக ஒரு சிலுவை தெரியும். பக்கத்து வட்டத்தை முட்டியதும் நின்றுவிடும். முட்டிய இடம் கோடு கிழித்த மாதிரி இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. இந்த வட்டங்களுக்கு ஸ்ஃபெருலைட் என்று பெயர்.

நீலத்துக்கும் பச்சைக்கும் பெரும்பாலும் போடுவது தாலோசயனின் நிறமி. அதன் ஒவ்வொரு துகளும் ஒரு கருவாகிவிடும். அந்த நீலம் கலந்த துணுக்கில் வட்டம் பெரிதாக இடமே கிடைக்காது. எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் பொடிப்பொடியாகப் படிகமாகும். அதுவும் முன்கூட்டியே, இன்னும் சூடாக இருக்கும்போதே. படிகம் நெருக்கமாக அடுக்காவதால் இடம் குறைகிறது, சுருக்கத்தில் பெரும்பங்கு அதனால்தான். நீல மூடியின் சுருக்கம் வெள்ளையின் கணக்கோடு ஒத்துப்போகாது. பிளாஸ்டிக் ஓடிய திசையில் ஓர் அளவாகவும் குறுக்கே வேறு அளவாகவும் சுருங்கும். மூடி கோணுவது அங்கேதான். இதே மோல்டில் சாதாரண பாலிஸ்டைரீன் அடித்தால் இந்தத் தொல்லை வராது. அது படிகமே ஆகாத சாதி.

சரி, என்ன செய்யலாம்? சப்ளையரிடம் 'கோணல் தராத நீலம்' என்று கேளுங்கள். அல்ட்ராமரைன் நீலம் அந்த வகை. நிறம் கொஞ்சம் மாறும், வாடிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் கருவூக்கி சேர்த்த கிரேடுக்கு எல்லா நிறத்தையும் மாற்றிவிடுங்கள். கரு ஏற்கெனவே நிறைய இருப்பதால் நிறமியின் கை ஓங்காது. சீக்கிரம் இறுகுவதால் ஒரு மூடி அடிக்கப் பிடிக்கும் சைக்கிள் நேரமும் குறையும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். ஆனால் மோல்டு பழைய சுருக்கத்துக்கு வெட்டியது. முதலில் ஒரு மூட்டை மட்டும் வாங்கி அடித்துப் பாருங்கள்.

மோல்டை ஆற்றும் தண்ணீரைச் சில்லர் மெஷினில் இன்னும் குளிரவைத்து மூடியைச் சீக்கிரம் இறக்க மட்டும் பார்க்காதீர்கள். அவசரமாக ஆறிய பாலிபுரொப்பிலீன் அறை வெப்பத்திலும் மெல்ல மெல்லப் படிகமாகிக்கொண்டே, சுருங்கிக்கொண்டே இருக்கும். அளவை மெஷினடியில் எடுக்காமல் மறுநாள் எடுங்கள்.