ஃபீடர் சத்தத்துக்கு வர்ற மான் – கடிதம்

வணக்கம் அண்ணா,

மிச்சிகன் மான் வேட்டை பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். அதுல "தீனி போட்டு சுடறதுல எனக்கு இஷ்டம் இல்ல"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க. கொஞ்சம் உறுத்துச்சு. நான் டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுல இருக்கேன், ஆபீஸ் நண்பரோட லானோ பக்கம் ஒரு லீஸ்க்கு (வேட்டைக்குன்னு குத்தகைக்கு எடுத்த நிலம்) நவம்பர்ல போவேன். அங்க எல்லாருமே டைமர் வச்சு தீனி இறைக்கற மெஷின், ஃபீடர்தான், காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ மக்காச்சோளத்த சுத்தி இறைக்கும், மான் வரும், நிதானமா குறி பாத்து சுடுவோம். சட்டப்படி சரி. கறி வீட்டுக்கு வருது. மான் எப்படியும் சாகத்தானே போகுது, சோளம் தின்னுட்டு செத்தா என்ன, ஓக் கொட்டை தின்னுட்டு செத்தா என்ன? மான் மேயறதுக்குன்னு க்ளோவர்ங்கற தீவனச் செடிய விதைச்சு விட்டு அதுக்கு மேல உக்காந்து சுடறவங்கள யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே, அது மட்டும் என்ன ஒசத்தி? பேர் போட வேண்டாம்.

– ஒரு வாசகர், சான் அன்டோனியோ

அன்புள்ள தம்பி,

கேள்வி நியாயமானது. முதல்ல ஒண்ண ஒதுக்கி வச்சிடுவோம், மானுக்கு "நியாயமான வாய்ப்பு" குடுக்கணும்ங்கற பேச்சு. 1887ல பின்னாடி அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் ஆளுங்களும் பூன் அண்ட் க்ராக்கெட்ங்கற வேட்டைக்காரங்க கிளப்ப ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து அமெரிக்க வேட்டைக்காரங்க இதப் பேசிட்டுதான் இருக்காங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது. ஸ்கோப் மாட்டுன ரைஃபிள் வச்சிருக்கறவன் நியாயம் பேசறது கொஞ்சம் காமெடிதான். மான் பக்கத்துலேர்ந்து பாத்தா நீங்க சொல்றது சரி, சோளமோ ஓக் கொட்டையோ அதுக்கு ஒண்ணுதான். சொல்லப்போனா ஃபீடர் கிட்ட தலைய குனிஞ்சு நிக்கற மான நல்லா குறி பாத்து ஒரே குண்டுல சாய்க்கலாம், ஓடற மான காயப்படுத்தி விடறதுக்கு அது எவ்வளவோ மேல்.

என் பிரச்சனை வேற. உங்க கடிதத்துல ஃபீடர் எப்ப சுத்தும்னு இருக்கு, சோளம் இருக்கு, மான் வரும்னு இருக்கு, ஆனா அந்த மான் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு வார்த்தை இல்ல. ராத்திரி எங்க படுத்துச்சு, எந்த ஓடை வழியா ஏறி வந்துச்சு, எதனால அந்தப் பக்கம் வராம இந்தப் பக்கம் வந்துச்சு, இதெல்லாம் தெரியணும்ங்கற அவசியமே உங்களுக்கு வரல, ஏன்னா ஃபீடர் அந்த வேலைய பாத்துடுது. ஆனா மான் சும்மா இருக்காது. நீங்க எந்த ப்ளைண்ட்ல (மறைஞ்சு உக்கார்ற கூண்டு) உக்காருவீங்க, சனி ஞாயிறுதான் வருவீங்க, வண்டி எந்த கேட் வழியா வரும், எல்லாத்தயும் அது படிச்சு வச்சிருக்கும். சின்ன மானும் பொட்டையும் பகல்ல வந்து தின்னும், வயசான ஆண் மான் இருட்டின பிறகுதான் வரும், அதுவும் நேரா வராம காத்து வாக்குல சுத்தி வந்து ப்ளைண்ட மோந்து பாத்துட்டு வரும். மான் வந்தா தானா படம் எடுக்கற ட்ரெயில் கேமரா வச்சிருந்தா நீங்களே பாத்திருப்பீங்க, பெரிய கொம்பு படம் எல்லாம் ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்குதான் இருக்கும். சவுத் கரோலினாவுல வனவிலங்குத் துறை ஆளுங்களே தீனி போடற பகுதியையும் போடாத பகுதியையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, போடாத பகுதியிலதான் மான் அதிகமா கிடைச்சிருக்கு. தீனி போட்டா வேட்டை சுலபம்னு நாம நினைக்கறதே அவ்வளவு உறுதியான விஷயம் இல்ல.

நான் போறது மிச்சிகன்ல மனிஸ்டி காடு, பால்ட்வின் ஊர்ப்பக்கம். ஹியூரான், மனிஸ்டி ரெண்டும் சேந்து கிட்டத்தட்ட பத்து லட்சம் ஏக்கர் ஃபெடரல் காடு, லைசென்ஸ் இருந்தா யார் வேணா போலாம், லீஸ் காசு கிடையாது. பனியாறு விட்டுட்டுப் போன மணல் மேடு, மேட்டுல ஓக், பள்ளத்துல சீடார் சதுப்பு. முதல் தடவ பாக்கறவனுக்கு எல்லா மேடும் ஒண்ணுபோலதான் தெரியும். அங்க போய் உக்காரணும்னா மொதல்ல மரம் தெரியணும். வெள்ளை ஓக் கொட்டைல துவர்ப்பு கம்மி, செப்டம்பர் அக்டோபர்ல விழுந்த உடனே மான் அதத்தான் தேடிப் போகும், சிவப்பு ஓக் கொட்டை துவர்ப்பு ஜாஸ்தி, அது கிடந்து பின்னாடி பனி விழுந்தப்புறம் கூட தோண்டித் தின்னும். அதுலயும் ஓக் எல்லா வருஷமும் காய்க்காது, போன வருஷம் புழுக்கையும் கிளறின சருகுமா இருந்த மேடு இந்த வருஷம் சுத்தமா காலியா கிடக்கும், அப்ப நீங்க மறுபடி நடக்கணும். போன வருஷத்து அறிவு இந்த வருஷத்துக்கு பாதிதான் செல்லும்.

அப்புறம் காத்து. காலைல வெயில் ஏற ஏற சரிவுல இருக்கற காத்து மேல போகும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும், உங்க வாடையும் அதோடயே போகும், ஃபோன்ல "மேற்குக் காத்து"ன்னு போட்டிருக்கறத மட்டும் நம்பி பள்ளத்து மேல உக்காந்தா சாயங்காலம் கீழ இருக்கற மானுக்கெல்லாம் உங்க சோப்பு என்ன பிராண்டுன்னு தெரிஞ்சிடும். மான் படுக்கறதும் இத கணக்கு பண்ணித்தான், முதுகுப்பக்கம் காத்து, கண்ணு சரிவு கீழ. பின்னாடி வர்றவன மூக்கு பாத்துக்கும், முன்னாடி வர்றவன கண்ணு பாத்துக்கும். சதுப்புக்குள்ள கொஞ்சம் மேடான காய்ஞ்ச திட்டு இருந்தா அங்க படுக்கும். நவம்பர் 15 காலைல மிச்சிகன்ல லட்சக்கணக்கான பேர் துப்பாக்கியோட காட்டுக்குள்ள நுழைவாங்க, சீசன் 30 வரைக்கும் ஓடும், வடக்க சில ஊர்ல அன்னிக்கு ஸ்கூலே லீவு. அந்த கூட்டத்துக்கு பயந்து மான் எல்லாம் அந்த திட்டுகளுக்குத்தான் போகும். போற வழி எதுன்னு தெரிஞ்சவன் அன்னிக்கு சும்மா உக்காந்திருந்தா போதும், மத்த வேட்டைக்காரங்களே அவன் பக்கம் மான ஓட்டி விடுவாங்க. ஊர்ல முயல் வேட்டைல வலை கட்டிட்டு ஒரு கூட்டம் இந்தப் பக்கமா கலைச்சு விடும்ல, அந்த மாதிரி, ஆனா இங்க கலைக்கறவனுக்கு தான் கலைக்கறோம்னே தெரியாது.

இப்ப நோய் விஷயம். எனக்கு ருசி, ரசனை எல்லாத்தயும் விட இதுதான் கனமான காரணம். மிச்சிகன்ல ஒரு காலத்துல பெட்ரோல் பங்க் வாசல்லயே மான் கேரட், சர்க்கரை பீட் மூட்டை மூட்டையா அடுக்கி வித்தாங்க. வடகிழக்குப் பக்கம் பெரிய வேட்டை கிளப்புகள்ல லாரி லாரியா கொட்டினாங்க. ஒரே குவியல்ல எல்லா மானும் மூக்க வச்சு, எச்சி விட்டு தின்னுச்சு. அந்தப் பகுதியில 1994ல ஒரு மானுக்கு மாட்டு டிபி இருக்கறது தெரிஞ்சுது, பிறகு தேடினா காட்டு மான்கள் நடுவுலயே அது பரவிட்டிருக்கு, அங்கேர்ந்து பண்ணை மாட்டுக்கும் போச்சு. அப்புறம் சி.டபிள்யூ.டி, மானோட மூளைய அரிக்கற நோய். கிருமி கூட இல்ல, கெட்டுப்போன ஒரு புரதம், பேரு ப்ரியான். எச்சில், மூத்திரம், புழுக்கை எல்லாத்துலயும் வெளிய வரும், மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், சமைச்சாலும் சாகாது, ஏன்னா அதுக்கு உயிரே இல்ல. தொத்திக்கிட்ட மான் ஒன்றரை வருஷத்துக்கும் மேல கூட நல்லா கொழுகொழுன்னுதான் திரியும், பாத்து கண்டுபிடிக்க முடியாது. 2015ல மிச்சிகன் காட்டு மான்ல அது வந்துச்சு, 2019 சனவரி 31லேர்ந்து கீழ் தீபகற்பம் (மிச்சிகன் ரெண்டு துண்டு, இது தெக்குத் துண்டு) முழுக்க தீனி போடறதுக்கு தடை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி சீசன்ல மட்டும் விலக்கு. மேல் தீபகற்பத்துல இன்னும் போடலாம், ஆனா ஒரு இடத்துல 2 கேலனுக்கு மேல கூடாது, அதயும் குவிக்காம பரப்பித்தான் போடணும். தடை வந்தப்ப இங்க நடந்த சண்டை இருக்கே, கேரட் விக்கறவன்லேர்ந்து எல்லாரும் கொதிச்சாங்க, இன்னும் பாதி பேர் திருட்டுத்தனமா போட்டுட்டுதான் இருக்கான்.

இது வடக்கத்தி பிரச்சனைன்னு நினைக்காதீங்க. அதே 2015லதான் டெக்சாஸ்ல வளர்ப்பு வெள்ளைவால் மான்ல சி.டபிள்யூ.டிய கண்டுபிடிச்சாங்க, எங்க தெரியுமா, மெடினா கவுண்டில, உங்க ஊருக்கு அடுத்த கவுண்டி.

க்ளோவர் விஷயத்துல நீங்க பாதி சரி. விதைச்ச வயல்ல மான் பரவி மேயும், ஒரே இடத்துல மூக்கோட மூக்கு உரசாது, அதனால நோய் கணக்குல குவியல் சோளத்தவிட தேவலாம். வயிறு விஷயத்துலயும் தேவலாம், குளிர்காலத்துல குச்சியும் பட்டையும் தின்னு பழகின வயித்துல திடீர்னு சோளத்த கொட்டினா உள்ள அமிலம் ஏறி செத்தே போகும், வயிறு நிறைய சோளத்தோட. ஆனா நிலத்த தெரிஞ்சுக்கறதுன்னு பாத்தா, டிராக்டர் வச்சு நாலு ஏக்கர் க்ளோவர் போட்டுட்டு மூலைல பொட்டி மாதிரி வீடு கட்டி ஹீட்டர் போட்டு உக்காந்திருக்கறவர் உங்களவிட ஒசத்தியெல்லாம் இல்ல. அத நான் சொன்னா இங்க என் நண்பர்கள் சிலருக்கு கோவம் வரும், வரட்டும்.

தீனி வேண்டிய இடமும் இருக்கு. ஆன் ஆர்பர் நகரத்துல 2016லேர்ந்து சில குளிர்காலம் மான் எண்ணிக்கைய குறைக்க ஆள் வச்சு சுட்டாங்க, வீடுகளுக்கு நடுவுல அத தீனி போட்டு ஒரு இடத்துக்கு வரவச்சுதான் செய்ய முடியும். அது வேட்டை இல்ல, முனிசிபாலிட்டி வேலை. மலை ஏற முடியாத பெரியவர், முதல் மான் சுடப்போற பத்து வயசு பையன், இவங்க ஃபீடர் முன்னாடி உக்காந்தா எனக்கு ஒரு வார்த்தையும் இல்ல. நீங்க ரெண்டும் இல்லையே.

லானோ எனக்கு மனிஸ்டி மாதிரி பழக்கமான நிலம் இல்ல, ஆனா மான் அதே மான்தான். லீஸ்ல மத்தவங்க ஃபீடர அணைக்க ஒத்துக்க மாட்டாங்க, விடுங்க. நீங்க மட்டும் அதுக்கு முதுக காட்டிட்டு நடங்க. முள்கம்பி வேலி ஓரமா போங்க, மான் பெரும்பாலும் தாண்டறதவிட கீழ நுழையறதுதான் வழக்கம், அடிக்கம்பில வெள்ளை வயித்து முடி சிக்கியிருக்கும், அதுதான் கடவு. லைவ் ஓக் எது இந்த வருஷம் கொட்டுதுன்னு பாருங்க, காலடில மிதிச்சா நொறுங்கும். வறண்ட ஓடை எங்க குறுகுதுன்னு பாருங்க. வழக்கமா தெக்கத்திக் காத்து அடிக்கற ஊரு உங்களுது, நவம்பர்ல வடக்கேர்ந்து குளிர் இறங்கி காத்து திரும்பற நாள் இருக்கும், அன்னிக்கு லீவ் போடுங்க, ஆனா உக்கார்ற இடத்தயும் மாத்தணும். ஒரு சீசன் ஒண்ணும் கிடைக்காமயே போகலாம். வீட்டுல கறி எங்கன்னு கேப்பாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சுட்டீங்கன்னா தலைய டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை ஆளுங்ககிட்ட சி.டபிள்யூ.டி டெஸ்ட்டுக்கு குடுங்க, தொண்டை பக்கத்து நிணநீர் கணுவ எடுத்து பாப்பாங்க. மனுஷனுக்கு இதுவரை தொத்தினதா உறுதியா தெரியல, ஆனா நோய் இருக்குன்னு வந்தா திங்க வேண்டாம்னுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சிடிசி சொல்லுது. ரிசல்ட் வர்ற வரைக்கும் கறிய ஃப்ரீசர்லயே வைங்க, அக்கம்பக்கத்துக்கு பிரிச்சு குடுத்துடாதீங்க.

மிச்சிகன் வர்றதா இருந்தா எழுதுங்க. 1960லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்களுக்கு இங்க வேட்டைப் பாதுகாப்பு சர்டிஃபிகேட் வேணும், டெக்சாஸ்ல எடுத்ததே செல்லும். ஆரஞ்சு வெஸ்ட் என்கிட்ட கூடுதலா ஒண்ணு இருக்கு, பூட்ஸ் மட்டும் தண்ணி புகாததா வாங்கிட்டு வாங்க.