போனில் வருகிறவருக்கு வாடகையைக் குறைக்கலாமா?

கேள்வி: மூணாறில் நான்கு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். போடி, தேனியிலிருந்து போன் போட்டு வருகிறவர்களுக்கு அறை 1,800 ரூபாய். புக்கிங் ஆப்பில் கமிஷனையும் சேர்த்து 2,200 போட்டிருக்கிறேன். 'வேறெங்கும் குறைவாகத் தரக்கூடாது, தந்தால் பட்டியலில் கீழே இறக்கிவிடுவோம்' என்கிறார்கள். போலீஸில் சொல்லலாமா?

பதில்: போலீஸுக்கு இதில் வேலையில்லை. முதலில் ஆப்போடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து 'ரேட் பாரிட்டி' பிரிவை, அதாவது வேறெங்கும் விலை குறையக்கூடாது என்ற பிரிவைப் படியுங்கள். மற்ற ஆப்களையும் உங்கள் சொந்த வெப்சைட்டையும் மட்டும் அது சொன்னால், போனில் பேசி வருகிறவர் அதற்குள் வரமாட்டார். எழுத்தில் இல்லாததை வாயால் மிரட்டுகிறார்கள் என்று அர்த்தம். நிறையப் பேர் இங்கேயே பயந்து விலையை ஏற்றிவிடுகிறார்கள்.

போனையும் சேர்த்துத் தடுத்திருந்தால்? இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சந்தையில் போட்டியைக் கெடுப்பவர்களை விசாரிக்கும் அமைப்பு அது. 2022 அக்டோபரில் அது புக்கிங் தளமான மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் தளத்தைவிட வேறு தளத்திலோ ஹோட்டலின் சொந்த வெப்சைட்டிலோ குறைவாக விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதற்கு ஒரு காரணம். அதை ஒப்பந்தத்திலிருந்து நீக்கச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆனால் இந்த உத்தரவைக் காட்டி எல்லா ஆப்களையும் மடக்க முடியாது. போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அதைத் தவறாகப் பயன்படுத்தினால்தான் பாயும். சின்ன ஆப் என்றால், போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைப் பற்றிய 3(4) பிரிவுதான் வழி. போட்டி கணிசமாகக் கெடுகிறது என்று காட்ட வேண்டும், அது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் பெரிய தளங்களுக்கு இந்த நிபந்தனையையே நேராகத் தடுத்துவிட்டது. இங்கே 2024 மார்ச்சில் பெரிய டிஜிட்டல் தளங்களுக்கான ஒரு வரைவு மசோதா வந்தது, அவ்வளவுதான். அப்புறம், கமிஷன் அதிகம் என்பது மட்டுமே குற்றமாகாது.

ஆணையம் மத்திய அமைப்பு. தமிழ்நாடு-கேரள எல்லையான போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம். புகாரைத் தனியாகக் கொடுக்கலாம், பெயரை ரகசியமாக வைக்கவும் கேட்கலாம். ஆனாலும் என் யோசனை, நான்கு அறைக்காரர் தனியே போக வேண்டாம். மேலே சொன்ன வழக்கில்கூட ஹோட்டல் உரிமையாளர் கூட்டமைப்புதான் முன்னால் நின்றது. உங்கள் ஊர் ஹோம்ஸ்டே உரிமையாளர்களைச் சேருங்கள். மிரட்டலை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள், பட்டியலில் இறக்கியதைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிரச்சினை தொடங்கி மூன்று வருடத்துக்குள் புகார் போய்விட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால்தான் அதற்குப் பிறகு எடுப்பார்கள்.