வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?

கேள்வி: 2020 ஊரடங்கில் யூடியூபில் ஆராதனை பார்த்துப் பழகிவிட்டேன். தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். இனியும் சர்ச்சுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தனி ஜெபத்தை விட்டுவிடாதீர்கள் சகோதரி. கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னதே இயேசுதான், மத்தேயு 6:6-ல் இருக்கிறது. ஆனால் அவரே ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவதை வழக்கமாக வைத்திருந்தார் என்கிறது லூக்கா 4:16. சபையாகக் கூடிவருவதை விடக் கூடாது என்று எபிரெயர் 10:25-ம் சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஞாயிறு திருப்பலி கடமையே, நோயாளிகளுக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் விலக்கு உண்டு.

சரி, கடமையை விடுங்கள். அம்மா இறந்த வாரம் எனக்கு ஜெபிக்க வாயே வரவில்லை, பின் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன், பக்கத்திலிருந்த பாட்டி பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு எனக்கும் சேர்த்துப் பாடினார். போன் திரையில் அது கிடைக்காது, அப்பமும் திராட்சைரசமுமாகத் தரும் திருவிருந்தும் கிடைக்காது.

அப்புறம், உடம்புக்கு முடியவில்லை என்றால் உங்கள் சபைப் போதகரிடம் சொல்லுங்கள், திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவருவார். யாராவது மனம் நோகப் பேசியதால் போகாமல் இருக்கிறீர்களா? வேறு சபைக்குப் போய்ப் பாருங்கள், அதில் தப்பே இல்லை.