மோடத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்ட்

கேள்வி: வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. இணைப்பு கொடுக்க வந்தவர் என் செல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனார். அதை மாற்றச் சொல்லி மகன் போன் செய்யும்போதெல்லாம் நச்சரிக்கிறான். நானும் மனைவியும் யூடியூப் பார்ப்போம். பென்ஷன் வந்ததா என்று மாதம் ஒருமுறை பேங்க் கணக்கைப் பார்ப்பேன். எங்களிடம் திருட என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் சார். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மோடத்துக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று வைஃபையில் சேர; இன்னொன்று மோடத்தின் செட்டிங்ஸுக்குள் நுழைய. எனக்குக் கவலை இரண்டாவதைப் பற்றித்தான்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கரில் 192.168.1.1 என்பது போல ஓர் எண்ணும், யூசர்நேம், பாஸ்வேர்டும் இருக்கும். அந்த எண்ணை பிரவுசரில் தட்டினால்தான் செட்டிங்ஸ் திறக்கும். பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டுமே ‘அட்மின்’தான். 2016-ல் பரவிய மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்தனுப்பும் இந்த மாதிரி ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, பல இணையதளங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அந்தப் பெட்டிகள் இருந்த வீடுகளில் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியாது. திருட ஒன்றுமில்லாத வீட்டு மோடமும் அவர்களுக்குப் பயன்படும் சார்.

உங்கள் பென்ஷன் கணக்குக்கு வருகிறேன். பேங்க் முகவரியை நீங்கள் தட்டும்போது அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடிச் சொல்வது டிஎன்எஸ். எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்ற செட்டிங் மோடத்துக்குள் இருக்கிறது. அதை மாற்றிவிட்டால், சரியான முகவரியைத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. பிரேசிலில் 2011 வாக்கில் சுமார் 45 லட்சம் மோடங்களில் இதைச் செய்தார்கள். பிரவுசர் ‘பாதுகாப்பில்லை’ என்று எச்சரித்தால் ஓகே தட்டிவிட்டு மேலே போகாதீர்கள்.

செல் நம்பர் பாஸ்வேர்டும் ஆபத்துதான். நம் நம்பர்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். உங்கள் போன் வைஃபையில் சேரும் அந்த நொடியின் சிக்னலைப் பக்கத்து மாடியில் பிடித்துவிட்டால் போதும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி அத்தனையையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். முருங்கை, தாழ்ப்பாள், கோயம்பேடு, ஊறுகாய் என்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதி வையுங்கள். இதையே வைக்க வேண்டாம், அச்சில் வந்துவிட்டது!

செட்டிங்ஸுக்குள் போனதும் டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டைத் தட்டாமலேயே வைஃபையில் சேர்வதற்கான வசதி அது. அதன் எட்டு இலக்க பின்னைப் பாதி பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான விஷயம்.

அட்மின் பாஸ்வேர்டை மாற்ற விடவில்லை என்றால் கனெக்‌ஷன் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். ‘இந்த மாடலுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா?’ என்று கட்டாயம் கேளுங்கள். வருவதில்லை என்றால் வேறு பெட்டி கேட்டு வாங்குங்கள். அப்டேட் வராமல் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாத பெட்டியில் எந்தப் பாஸ்வேர்டும் முழுசாகக் காப்பாற்றாது. ஸ்பீட் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழையது உங்களுடையதே என்றால், கடையில் போடுவதற்கு முன் பின்பக்கமுள்ள சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து நொடிக்கு மேல் அழுத்தி ரீசெட் செய்யுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் வாங்கிய ஒரு பழைய மோடத்தில் முந்தைய வீட்டுக்காரரின் பெயரும், பாஸ்வேர்டாக அவர் செல் நம்பரும் அப்படியே இருந்தன.